ஆறாவது நிபந்தனை

மாடிவீட்டை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து வீட்டுக்கார அம்மாளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முழங்கால் வலி படியேற விடாது என்றுதான் கீழ்வீட்டுக்கு இறங்கி வந்தாள். வந்த இடத்தில் காற்றும் இல்லை, தூக்கமும் இல்லை.

வாடகை ஒப்பந்தத்தை அவளே எழுதினாள். அதில் ஆறாவது நிபந்தனைதான் அவளுக்கு உயிர்: ‘வாடகைக்கு விட்டவர் முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வரக்கூடாது.’ சும்மா எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாடகை வீடுகளில் குப்பை கொட்டியவள். நினைத்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்த வீட்டுக்காரர்கள்தான் எத்தனை பேர்! நாமாவது மனுஷியாக இருப்போம் என்று சபதம் போட்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் ஒரு மதியம் கண்விழித்தால், மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். திரைச்சீலை மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. கொடியில் யாருடைய வெள்ளைச் சீருடை? தன் கையில் ஏன் மாற்றுச் சாவி? விழித்திருந்தால் மூன்றாம் படியிலேயே அழும் முழங்கால், தூக்கக் கலக்கத்தில் பதினெட்டுப் படியும் ஏறியிருக்கிறது. வாயே திறக்கவில்லை, பாவி முழங்கால்!

எதிரே, குடியிருக்கும் நர்ஸ் சத்தம் வராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐயையோ, எழுப்பியிருக்கக் கூடாதா?”

“மூணு நாளா வர்றீங்கம்மா. அப்புறம் நீங்களே எழுந்து பாதித் தூக்கத்துல இறங்கிப் போயிடுறீங்க. எழுப்ப மனசு வரல.”

வீட்டுக்கார அம்மாளை அவமானம் பிடுங்கித் தின்றது. சாவியை மேஜைமேல் வைத்தாள். “இதை நீயே வச்சுக்கோ. எங்கிட்ட இருக்கக் கூடாது.”

அதன்பின் ஐந்து நாள் பொட்டுத் தூக்கமில்லை. ஆறாம் நாள் நர்ஸ் ஒரு தாளோடு இறங்கி வந்தாள்.

“ஜன்னலோரக் கட்டில், தினமும் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் உங்களுக்கு உள்வாடகை. மத்த நிபந்தனையெல்லாம் உங்க ஒப்பந்தத்துல இருக்கிறபடியே.”

“என் வீட்டை எனக்கே வாடகைக்கு விடுறியா? கொழுப்புதான் உனக்கு!”

“வீட்டுக்காரங்க சம்மதிச்சாத்தானே உள்வாடகை விடலாம்? அதனால நீங்க ரெண்டு இடத்துல கையெழுத்துப் போடணும்.”

வீட்டுக்காரராக ஒன்று, குடியிருப்பவராக ஒன்று. போடும்போதே அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நர்ஸ் சாவியைத் திரும்பக் கையில் திணித்தாள்.

மறுநாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முனகிக்கொண்டே, முழு விழிப்போடு ஏறினாள். படுத்ததுதான் தெரியும். ஜன்னல் காற்று வீட்டையே எங்கோ மிதக்கவிட்டது.

மெல்லிய தட்டல் கேட்டு விழித்தாள். மணி மூன்றாகப் பத்து நிமிஷம். கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பையோடு நர்ஸ் நின்றிருந்தாள்.

“உள்ள வரலாமாம்மா? இன்னும் மூணாகல. ஆனா பசிக்குது.”

“உன் வீட்டுக்குள்ள வர என்னை எதுக்குடி கேக்குற?”

“ஆறாவது நிபந்தனை. இப்ப வாடகைக்கு விட்டவ நான்தானே?”

இருபத்திரண்டு வருஷம், ஏழு வீடு. ஒரு வீட்டுக்காரரும் அவள் கதவைத் தட்டியதில்லை. வீட்டுக்கார அம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

“வா,” என்றாள்.