அடித்தவர் கையில் எழும்பிய தடம்

2024 ஒக்டோபர் 27, ஞாயிறு.

முந்திய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. பிரம்பின் தடம் கணித ஆசிரியர் யோகேஸ்வரனின் இடது உள்ளங்கையில் எழும்பியதாக எழுதியிருந்தேன். வலது உள்ளங்கையில்தான் எழும்பியது. அவர் அடித்தது தனுஜாவின் வலது கையில். அந்தப் பிள்ளையை யார் எங்கே அடித்தாலும், தடம் அடித்தவர் உடம்பில் அதே இடத்தில்தான் விழும். இடது கை என்றால் அவர் அன்று முழுவதும் கரும்பலகையில் எழுதியிருப்பார், விஷயமும் அங்கேயே முடிந்திருக்கும். வலது கை வீங்கி வெண்கட்டியைப் பிடிக்க முடியாமல் போனதால் பாடசாலை அதிபர் காரணம் கேட்டார். அதிபர் கேட்டதால் அது வலயக் கல்விப் பணிமனை வரைக்கும் போனது. ஆகவே திருத்தி, முதலிலிருந்து எழுதுகிறேன்.

தனுஜா கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல் பிரிவுத் தொழிலாளர் லயத்தில், வரிசை அறைகளின் கடைசிக் காம்பராவில் பிறந்தவள். தாய் ஷிராணி கொழுந்து எடுப்பவர். நான்கு வயதில் பிள்ளை அடுப்பில் கொதித்த தண்ணீர்ச் சட்டியை இழுத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் அவள் மேல் படவில்லை, ஆனாலும் பயத்தில் ஷிராணி கன்னத்தில் ஒன்று வைத்தார். விரல்கள் ஷிராணியின் கன்னத்தில் பதிந்தன. அவருக்கு எரியவில்லை. பிள்ளைதான், துளியும் சிவக்காத தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, தூங்கும்வரை அழுதது. தடம் இடம் மாறும், வலி மாறாது என்பதை ஷிராணி அன்றே தெரிந்துகொண்டார். அதன் பிறகு கை ஓங்கவில்லை. தகப்பன் வியாகுலத்துக்குத் தெரிந்துகொள்ள அதிக காலம் எடுத்தது. ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் குடித்துவிட்டு வந்து அடித்தார், காலையில் தன் உதடு வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, இருட்டில் வாசல் கானில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். அடுத்த நத்தாருக்கும் கானில் விழுந்தார். அதற்கடுத்த வருடம் வெட்கம் தாங்காமல் கொழும்புக்குப் போய் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டார், பிறகு வரவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் இதை ஒவ்வாமை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே களிம்பைக் கொடுத்தார். தனுஜாவை அடிக்கக் கூடாது என்பது, மத்தியானத்துக்குப் பிறகு மேல் குழாயில் தண்ணீர் வராது என்பதைப் போல, லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்தது. பாடசாலையிலும் அப்படித்தான். எந்த ஆசிரியரும் அவளை ஒரு தடவைக்கு மேல் அடித்ததில்லை, அதைப் பற்றி வெளியே பேசியதுமில்லை.

யோகேஸ்வரன் இந்தத் தவணைதான் மாற்றலாகி வந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. மழையில் மண் சரிந்து, பஸ் பாதி வழியில் திரும்பிவிட்ட ஒரு காலையில், தனுஜா மிச்ச தூரத்தை நடந்து, இரண்டாம் பாடத்தின் நடுவில் நனைந்து வந்து வாசலில் நின்றாள். ஏன் பிந்தியது என்று கேட்டார். "அத ரோட்டத்தான் கேக்கணும் சேர். அது பாதி பள்ளத்துல கெடக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. சிரிக்காமல் இருந்திருந்தால் அவர் அடித்திருக்க மாட்டார் என்று வகுப்பில் இருந்த பிள்ளைகளே சொல்கிறார்கள். மூன்று அடி. மூன்றாவதோடு பிரம்பு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. தனுஜா கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆகவே யோகேஸ்வரன் அடிக்கவில்லை. அடிக்காதவர் கையில் மூன்று தடம் இருந்தால் அவர் அடி வாங்கியிருக்க வேண்டும், அப்போது அவருக்கு எதிரில் நின்றது தனுஜா. இப்படித்தான் அவள் பெயர், ஆசிரியரைத் தாக்கிய மாணவி என்று வலயத்துக்குப் போனது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று சென்ற வருடம் ஒரு மாற்றுக் கல்வி நிலையம் திறந்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு மூடிய தேயிலைத் தொழிற்சாலையில், முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் அது. அங்கே அனுப்பப்படும் பிள்ளைக்கு அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகாது. விண்ணப்பம் நவம்பரில். தனுஜா பழைய வினாத்தாள்களை எல்லாம் ஒருமுறை செய்து முடித்து, இரண்டாம் முறை தொடங்கியிருந்தாள். அந்தப் பரீட்சையைத் தவிர அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஷிராணி தொழிற்சங்கத் தலைவர் பொன்னையாவிடம் போனார். தோட்டத்தில் யாருக்கு விசாரணை வந்தாலும் கூட நிற்பவர் அவர். பல வருடங்களுக்கு முன்னர், கொழுந்து நிறுக்கிற தராசில் குறைகிறது என்று பெண்கள் எவ்வளவு சொல்லியும் தோட்டத்தை நடத்தும் துரை நம்பாதபோது, பொன்னையா கடையிலிருந்து தையல் பிரிக்காத அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கி வந்து, துரை கண் முன்னாலேயே அதே தராசில் வைத்தார். மூட்டையில் அச்சடித்திருந்த எடையைத் தராசு காட்டவில்லை. மறுநாள் தராசை மாற்றினார்கள். அன்றிலிருந்து பொன்னையாவுக்கு ஒரே வழிதான்: பேசிக்கொண்டிருக்காதே, எதிரிலேயே செய்து காட்டு. "வாயால சொன்னா நம்பமாட்டாங்க தங்கச்சி. காட்டிட்டா முடிஞ்சுபோச்சு. நீ ஒன்னும் யோசிக்காத" என்றார். அதிபரோ அதற்கு முன்னரே ஷிராணியைக் கூப்பிட்டு, பிள்ளை ஒரு மன்னிப்புச் சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பொன்னையா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "ஒத்துக்கிட்டவன் எவனும் தோட்டத்துல மிஞ்சினதில்ல." தனுஜாவும், "செய்யாததுக்கு என்னத்த மன்னிப்புக் கேக்குறது மாமா?" என்றாள். அதிபர் சொன்னபடி செய்திருக்கலாமோ என்று இப்போது யோசிக்கிறேன். அன்று எனக்கும் பொன்னையா சொன்னதுதான் சரியாகப் பட்டது.

விசாரணை அதிபரின் அறையில் நடந்தது. வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பொன்னையா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சிங்களத்தில் ஏதாவது எழுத வேண்டி வந்தால் உதவும் என்று, அடுத்த காம்பராவிலிருந்து ஹட்டனுக்கு மாலை வகுப்புக்குப் போகிற என்னையும் கூட்டிப்போயிருந்தார். எழுத எதுவும் வரவில்லை. யோகேஸ்வரன் கையைக் கட்டுப்போட்டு மடியில் வைத்திருந்தார். காயம் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். வகுப்பில் வந்தது என்றார். எதிரில் யார் நின்றது என்று கேட்டார். தனுஜா என்றார். இரண்டும் உண்மை.

"பெரம்பு யாரு கையில இருந்துச்சுன்னு கேளுங்க ஐயா" என்றார் பொன்னையா.

"இந்தப் பாடசாலையில பிரம்பு கிடையாது" என்றார் அதிகாரி. பிரம்பு அவர் தலைக்கு மேலே, அலுமாரியின் உச்சியில் இருந்தது. அதிபர் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜன்னலைப் பார்த்தார்.

பொன்னையா எழுந்து நின்றார். இந்தப் பிள்ளையை அடித்தால் என்ன நடக்கும் என்பதை நேரில் பார்த்துவிடலாம், அதிகாரியே ஒன்று அடிக்கட்டும் என்றார். அதிகாரிக்குக் கோபம் வந்தது. "என்னய்யா பேசுறீங்க? பிள்ளைங்கள அடிக்கிறது சட்டப்படி குத்தம்."

"அப்ப பெத்தவ அடிக்கட்டும். அவ தினமும் அடிச்சாலும் நீங்க வந்து கேக்கப் போறதில்லையே."

ஷிராணி அசையவில்லை. இப்படி ஒன்று வரும் என்று பொன்னையா அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. தனுஜாதான் தாயின் முன்னால் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அடிம்மா. சும்மா தட்டாத. மெதுவா அடிச்சா தெரியாது" என்றாள். ஷிராணி பன்னிரண்டு வருடம் ஓங்காத கையை ஓங்கி அடித்தார். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. ஷிராணியின் கன்னத்தில், முதலில் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும், விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. தனுஜாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் கன்னத்தில் ஒன்றுமில்லை.

பொன்னையா கையை விரித்து, "பாத்தீங்களா ஐயா" என்றார். தராசு நாளில் நின்றதைப் போலவே நின்றார்.

அதிகாரி நன்றாகப் பார்த்திருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, மாணவி விசாரணையின்போது தன் தாயையும் தாக்கினார் என்று எழுதி, எழுதியதைச் சத்தமாக வாசித்தார்.

"என்னங்க இது? நீங்கதானே பாத்தீங்க, யாரு அடிச்சதுன்னு!"

"நான் பாத்தத எழுதினா என்னைய யாரு நம்புவாங்க? காயத்தத்தான் எழுதலாம். காயம் யார் மேல இருக்கு?" அவர் எழுந்து வந்து தனுஜாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை. "பிள்ளைக்கு ஒன்னுமில்லையே."

"அதுக்கு வலிக்குது ஐயா" என்றார் ஷிராணி.

"வலிய நான் எந்த எடத்துலம்மா எழுதுறது?"

வெளியே தண்ணீர்க் குழாயடியில் யோகேஸ்வரன் ஷிராணிக்காகக் காத்து நின்றார். கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினார். "எனக்கு வலிக்கவே இல்ல அக்கா. ஆரம்பத்துல இருந்தே வலிக்கல" என்றார். "அத உள்ள வச்சுச் சொல்லியிருக்கலாமே வாத்தியாரே" என்றார் பொன்னையா. யோகேஸ்வரன் தனக்கும் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கட்டை மறுபடி சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் பொன்னையா வேலை நிறுத்தம் அறிவித்தார். மேல் பிரிவுப் பெண்கள் கூடையில்லாமல் வந்து வரிசையில் நின்றார்கள். துரை வந்து, பாடசாலை தன் தோட்டத்தில் இல்லை, தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்.  அவர் சொன்னது சரி. வெயில் ஏறியபோது இரண்டு பேர் கூடை எடுக்க லயத்துக்குப் போனார்கள், பிறகு பத்துப் பேர், கடைசியில் ஷிராணியும் போனார். அவர்கள்மேல் ஒருவரும் கோபப்படவில்லை. பொன்னையா தன் வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அடுத்த கிழமை கீழ்ப் பிரிவில் ஒருவருக்கு விசாரணை வந்தபோது, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

தனுஜாவை மாற்றுக் கல்வி நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி வலயத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் வகுப்புக்குப் போகாத இந்த நாட்களில் பாடசாலையில் அடி வாங்கிய மற்றப் பிள்ளைகளுக்கு, எப்போதும்போல, அவரவர் கையிலேயே தடம் விழுந்தது. எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். மாற்றுக் கல்வி நிலையம் எப்படி என்று கேட்க, சென்ற வருடம் அங்கே இருந்துவிட்டு வந்த அழகனைத் தேடிப் போனோம். அவன் கொட்டகலை பஸாரில் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். அங்கே அடிப்பார்களா என்று தனுஜா கேட்டாள். "சீச்சீ. அங்க அடியே கெடையாது. ஒருத்தரும் ஒன்னும் செய்ய மாட்டாங்க. காலையில கதவத் தொறப்பாங்க, பின்னேரம் கதவத் தொறப்பாங்க."

"நடுவுல?"

"நடுவுல என்ன? ஒன்னுமில்ல."

 அடிக்காத இடத்தில் தனுஜாவுக்கு என்ன நடந்தாலும், எந்த அதிகாரியின் கையிலும் ஒரு சிறு கீறல்கூட விழாது. திரும்பி வந்ததும் அவள் வினாத்தாள்களைக் கட்டி, அடுத்த லயத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் வினோதாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஷிராணியின் கன்னத்துத் தடம் முன்பு போல ஒரு கிழமையில் மறையவில்லை. வெளியாட்கள், பிள்ளை தாயை அடித்துவிட்டதாம் என்று பேசுகிறார்கள். கொழுந்து மலையில் முதல் இரண்டு நாள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கங்காணி, வெயில் பட்டால் கறுத்துப்போகும், முக்காட்டை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொள் என்று மட்டும் சொன்னார். இன்று காலை தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நின்ற பெண்கள் வழக்கம்போல அவர் கையைப் பிடித்தார்கள். கன்னத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்தே அங்கே இருக்கிற மச்சத்தை யார் பார்ப்பார்கள்?

நாளை திங்கள். ஷிராணிக்குப் பெரட்டு இருக்கிறது. தனுஜாவை முதல் பஸ்ஸில் கூட்டிப்போய், ஹட்டனில் மற்ற பஸ்ஸில் ஏற்றி, தொழிற்சாலைக் கதவு வரை விட்டுவருவது என் வேலை. அங்கே கதிரை இல்லை, உட்காருவதற்கு ஒரு சாக்கு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். உரச் சாக்கு ஒன்றைத் துவைத்து அடுப்புக்கு மேலே போட்டிருக்கிறது. காய்ந்துவிட்டதா என்று காலையில் பார்க்க வேண்டும்.