நாலாவது அளவு

"உன் தீசிஸைக் கொண்டு வாடி. அவர் மார்மேல வைக்கணும்," என்றாள் ஆனந்தவல்லி.

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ப்ரியம்வதா அதைத் தரையெல்லாம் சிந்திவிட்டாள். நிக்டியில் இருந்த அவர்கள் வீட்டின் சின்ன ஹாலில் அப்பா பட்டாபிராமன் தெற்கே தலைவைத்துக் கிடந்தார். காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவர், அப்படியே சரிந்துவிட்டார்.

"அது எதுக்கும்மா இப்போ?"

"எதுக்கா? முப்பது வருஷம் ஃபாக்டரியில காந்தத்தை டெஸ்ட் பண்ணிண்டே கிடந்தார். பெருமைன்னு வேற என்ன வச்சிருந்தார்? தினம் அதை எடுத்துத் தொடச்சு வைப்பார்."

ப்ரியம்வதா உள்ளே போனாள். நீல அட்டை போட்ட ஆய்வேடு அலமாரியில் தூசியில்லாமல் இருந்தது. தொண்ணூற்று நாலாம் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை. அதுதான் மனப்பாடமாயிற்றே!

ஃபெரைட் காந்தத்தைச் சூடாக்கினால் ஒரு வெப்பநிலையில் காந்தசக்தி அற்றுப்போகும். அவள் கணக்கில் அது இருநூற்று முப்பத்தொன்று டிகிரி. அப்பா அவளுக்காக ஷிஃப்ட் முடிந்தபின் சின்ன உலையில் வைத்து மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் இருநூற்றுப் பன்னிரண்டு.

"அப்பா, இது யுனிவர்சிட்டி வேலை. உங்க ஃபாக்டரி குத்துமதிப்பெல்லாம் இங்க எடுபடாது," என்றாள் ப்ரியம்வதா, கைடும் மற்ற மாணவர்களும் பார்க்க. அப்பா ஏதோ சொல்ல வந்து, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுவாரம் இருநூற்று முப்பது என்று சொன்னார். அதையே அந்தத் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் ஏற்றிவிட்டாள்.

அவள் கணக்கில் ஒவ்வோர் அணுவும் மற்றவற்றின் சராசரிக்கு மட்டும் தலையாட்டியது. நிஜத்தில் பக்கத்து அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் காந்தம் சீக்கிரமே கலைந்துவிடும், சராசரிக் கணக்கு வெப்பநிலையை அதிகமாகத்தான் காட்டும். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு முதல் வாரமே அவள் போர்டில் எழுதிப்போட்ட பாடம் இது. போன மாதம் அந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டபோது இருநூற்றுப் பதின்மூன்று வந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. பைண்ட் பண்ணியாயிற்று, திங்கட்கிழமை வைவா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். வெட்கங்கெட்ட சமாதானம்.

வாசலில் செருப்புச் சத்தம். அப்பாவோடு வேலை பார்த்த அப்துல் காதர் துணிப்பையோடு வந்தார். சற்று நேரம் அப்பாவையே பார்த்து நின்றுவிட்டு, உள்ளே அலமாரியருகே நின்ற அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"லாக்கர்ல இருந்துச்சு பாப்பா. நீ தப்புன்னு சொன்னதும் நாலாவது தடவை பார்த்தோம். எல்லா ஒயரையும் மாத்தி, நானும் கூட நின்னேன். அப்பவும் இருநூத்திப் பன்னெண்டுதான்."

"அப்போ முப்பதுன்னு..."

"'எம் பொண்ணு படிச்சவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒண்ணு குறைச்சுச் சொல்லிடறேன், அப்பத்தான் நிஜமா அளந்தாப்பல இருக்கும்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு பாப்பா."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அவள் நோட்டைப் பிரித்தாள். நாலாவது வரியில் அப்பாவின் குண்டு எழுத்து: 212. அடித்தல் திருத்தல் இல்லை. நோட்டில் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை.

"தேடக் கிளம்பினவ எங்கடி போனே?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

ஹால் நிறைய ஃபாக்டரி ஆட்கள். ப்ரியம்வதா நோட்டைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"இது என்னடி, கரி பிடிச்ச நோட்டு? தீசிஸ் எங்கே?"

"அது தப்பும்மா. அப்பா சரியாத்தான் அளந்தார். நான்தான் நாலு பேர் எதிர்ல அவரை..." நோட்டை இன்னும் கிட்டே நீட்டினாள். "திங்கட்கிழமை வைவாவிலேயும் சொல்லிடறேன்."

அப்துல் காதர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனந்தவல்லி மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் அட்டையை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.