வியாழக்கிழமைக் கணவாய்

உருத்திரமூர்த்தியோடு சாப்பாட்டுக் கடைக்குப் போக ஹம்பேர்க்கில் ஒரு தமிழனும் விரும்புவதில்லை. இத்தாலியன், சீனன், ஜெர்மன்காரன் என்று பேதம் பார்க்காமல் எல்லார் குசினியிலும் கோப்பை கழுவி முதுகைத் தொலைத்தவர். இப்போது துறைமுகத்துக் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். கோப்பை கழுவினவனுக்குத் தெரியாத கள்ளம் கடையில் கிடையாது என்பது அவருடைய கட்சி. வாய் திறந்தால் மூடமாட்டார்.

"இண்டைய சூப் எண்டு எழுதியிருக்கிறானெல்லோ, அதை நேற்றையான் எண்டு வாசி. திங்கக்கிழமை மீன் கேக்கிறவன் விசரன். பாண் கூடையில கை வைக்காதை, அது நாலு மேசை சுத்தி வந்தது."

கூட இருப்பவர்கள் முள்ளுக்கரண்டியும் கையுமாக விறைத்துப்போவார்கள்.

கலியாணம் கட்டின புதிதில், "ஒருக்கா வெளியில போய்ச் சாப்பிடுவமே" என்று கேட்டாள் மனைவி கமலாம்பிகை. கூட்டிப்போனார். அவள் கோழித் துண்டை வாய்க்குக் கொண்டுபோன நேரம் பார்த்து, அது எத்தனை தரம் சூடுகாட்டின கோழி என்று விளக்கினார். அவள் துண்டைத் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டதேயில்லை. தன் கட்சி வென்றுவிட்டது என்று அவரும் இருந்துவிட்டார்.

அந்தக் கமலாம்பிகை போன கிழமை, ஓர் அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது தலைக்குள் நரம்பு வெடித்துச் செத்துப்போனாள். இன்று எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. செத்தவள் ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் பொழுதுபடும் நேரம் இலையில் படைக்க வேண்டும். படைக்கும்முன் யாரும் வாய் வைக்கக் கூடாது, உப்புக்கூடப் பார்க்கக் கூடாது.

அவளுடைய தங்கை லலிதா விடியற்காலையிலிருந்தே அடுப்படியில் நின்றாள்.

"புட்டு, மீன்குழம்பு, முருங்கையிலை வறை. வேற என்ன அத்தான் அக்காவுக்கு விருப்பம்?"

"அவ்வளவுதான். அவளுக்கு வேற ஆசையில்லை."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் சாரங்கா தலை நிமிரவில்லை. "பொரிச்ச கணவாய். அல்ரோனாவில இருக்கிற கிரேக்கன்ர கடையில. வியாழக்கிழமையில வேலை முடிய அங்கதான் போறவ. சின்னனில என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. அப்பாட்டச் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினவ."

"விசர்க்கதை கதையாதை."

"போய்க் கேளுங்கோவன். எனக்கு அங்க போக ஏலாது, அழுதுபோடுவன்."

"அக்கா ஆசைப்பட்டது இல்லாமல் இலை போடக் கூடாது அத்தான்," என்றாள் லலிதா.

எஸ்-பான் ரயில் பிடித்துப் போனார். பகல் வியாபாரம் முடிகிற நேரம். வெள்ளையடித்த சாந்துத் தூண்கள், பிளாஸ்டிக் திராட்சைக் குலை, மேசைக்கு மேசை சிகரெட் சாம்பல். உள்ளே கால் வைக்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது, எண்ணெய் பழசு. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையில் வந்து நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டு, கணவாய் கேட்டார், கட்டிக்கொண்டு போக. கமலாம்பிகையின் படத்தையும் காட்டினார்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "கோட்டுக்கார அம்மா! வந்தவுடனே கோட்டைக் கழற்றி என் மனைவியிடம் கொடுப்பார். மாடியில் எங்கள் வீட்டில் மாட்டி வைப்போம். வீட்டுக்காரருக்கு நாய் மூக்காம், பொரியல் வாசம் பிடித்துவிடுவாராம். போகும்போது எலுமிச்சைத் துண்டால் கையையும் கழுத்தையும் தேய்த்துக்கொள்வார். இந்த வியாழன் வரவில்லையே, சுகமில்லையா?"

"செத்துப்போனாள்," என்றார் உருத்திரமூர்த்தி. அந்த மூக்கு தன்னுடையதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கிரேக்கன் சிலுவை போட்டுக்கொண்டான். எலுமிச்சைத் துண்டு இரண்டைக் கூட வைத்துப் பெட்டியை மூடினான். "இதுதான் கடைசி. இனி இரவுதான் அடுப்பு."

ரயில் மேடையில் குளிர் கன்னத்தைக் கடித்தது. பெட்டி மடியில் சுட்டது. பழுதானதைப் படைக்கக் கூடாதுதானே, பார்த்தால் என்ன என்று மூடியைத் திறந்தார். பார்த்தார், மணந்தார். கை பழகின கை. ஒரு வளையம் வாய்க்குள் போய்விட்டது.

உறைபெட்டிக் கணவாய். றப்பர். மாவு ஊறிப்போயிருந்தது, எண்ணெய் கசந்தது. அவர் நினைத்ததில் ஒன்றுகூடப் பிழையில்லை. அடுத்த குற்றத்தைத் தேடி இன்னொரு கடி மென்றபோதுதான், படையலில் வாய் வைத்துவிட்டது உறைத்தது.

எழுந்து ஓடினார். கடை பூட்டியிருந்தது, கதிரைகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. கண்ணாடியில் கை நோகத் தட்டினார். மாடியிலும் அசைவில்லை. நவம்பர் வெயில் கூரைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இரவு அடுப்பு மூட்டும்வரை இலை காத்திராது.

வீட்டு வாசலில் சாரங்கா பெட்டியை வாங்கினாள். "வாய் வைக்கேல்லைத்தானே அப்பா?"

"இல்லை."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உதட்டைத் துடைச்சுப்போட்டு உள்ள வாங்கோ. சித்தி காணப்போறா."

லலிதா கணவாயை இலையின் நடுவில் வைத்தாள். விளக்கேற்றி, தேவாரம் பாடி, செத்தவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள்.

நடையில் கோட்டுகள் தொங்கின. கமலாம்பிகையினுடையதும் தொங்கியது. அதன் கழுத்துப்பட்டியை மூக்கில் வைத்தார். எலுமிச்சை. வியாழக்கிழமைகளில் அவளிடம் இந்த வாசம் வீசும். அலுவலகத் தரைக்கு ஊற்றுகிற மருந்து என்றே நினைத்திருந்தார். "நாத்தம், போய்க் குளி," என்றுகூட விரட்டியிருக்கிறார்.

"எப்பிடி அத்தான் அந்தக் கடை?" என்று கேட்டாள் லலிதா. "நல்ல கடையோ?"

பல்லிடுக்கில் இன்னும் கசந்தது.

"ஓம்," என்றார். "நல்ல கடை."