அத்தா வேலைக்கு ஆள்

என் வீட்டுக்காரர் அஸ்கருக்கு எந்த வேலையையும் நேரில் போய்ச் செய்கிற பழக்கம் கிடையாது. ஆள் அனுப்புவார். கேஸ் புக் பண்ண ஒரு ஆள், கரண்ட் பில் கட்ட ஒரு ஆள். மௌத்து வீட்டுக்குக்கூட முதலில் ஒரு ஆள் போய், எத்தனை மணிக்கு உடலை எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்த பிறகுதான் இவர் செருப்பை மாட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்ததும் இவர் இல்லை. இவருடைய பெரியம்மாவும், கோவளத்தில் மீன் ஏலம் எடுக்கிற மாமா ஒருவரும் வந்தார்கள். எங்களில் அது வழக்கம்தான். நிக்காஹ்வுக்கு மட்டும் நேரில் வந்தார். அதற்கும் மாப்பிள்ளை ஆள் அனுப்பலாம் என்று யாரும் இவர் காதில் போடாதது என் அதிர்ஷ்டம்.

இவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் குழாய், பைப், வாஷ்பேசின் விற்கிற கடை. நான் சொல்வது இரண்டாயிரத்து ஏழில். சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரை காலி மனை என்று ஒன்று இருந்தால் அதில் மறுநாள் செங்கல் இறங்கிய காலம். கட்டுகிறவன் எல்லாம் குழாய்க்கு இவரிடம்தான் வருவான். காலையில் போனால் ராத்திரி சோறு ஆறின பிறகுதான் வருவார்.

எங்கள் மகள் சோயாவுக்கு அப்போது பதினோரு மாதம். கொழுகொழுவென்று வாக்கரில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள். அழுவதுகூட அளவோடுதான். வந்தவர்கள் எல்லாரும் "என்ன சமத்து" என்றார்கள், நானும் பூரித்துப்போனேன். பக்கத்து வீட்டுக் குழந்தையோ ங்கா, புர்ர் என்று தெருவையே கூட்டிக்கொண்டிருந்தது. இவள் வாயைத் திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஒரு நாள் திடீரென்று எனக்குச் சந்தேகம் தட்டியது. காது கேட்கவில்லையோ என்று குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

காதைச் சோதித்தார்கள். காது நன்றாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வீட்ல இவகிட்ட யாரு பேசுவீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். காலையில் டிவி பேசும், மத்தியானம் டிவி பேசும், சாயங்காலம் சீரியல் மாமியார்கள் பேசுவார்கள். நான் அடுப்படியில் இருப்பேன். அவளுடைய அத்தா வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அத்தா என்றால் எங்களில் அப்பா.

டாக்டர்தான் மாடம்பாக்கத்து மையத்துக்கு அனுப்பினார். சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீடு. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு அங்கே ஒரு டிரஸ்ட் வகுப்பு நடத்தியது. சொல்லித்தருகிறவர் சந்திரிகா மேடம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, பாடம் முழுக்கப் பெற்றவர்களுக்குத்தான். குழந்தை ஒரு சத்தம் போட்டால் நாம் பதிலுக்கு ஒரு சத்தம் போடவேண்டும். போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். அடுத்த முறை அவளுடையது. வெங்காயம் நறுக்கினால் வெங்காயம் என்று சொல்லி, மோந்து பார்க்கக் கொடுக்கவேண்டும். இதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்றுதான் நினைத்தேன். செய்துபார்த்தபோது நாலாம் நாளே சோயா வெங்காயத்தைப் பார்த்து "ங்ஙே" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். வெங்காயத்தால் இல்லை.

ஒரே ஒரு சிக்கல். ஞாயிறு காலையில் அப்பாக்களுக்கு வகுப்பு. அப்பா வராத குழந்தைக்கு அங்கே இடமில்லை என்று சந்திரிகா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா மட்டும் படித்து அப்பா சும்மா இருந்தால் குழந்தைக்குப் பாதி வீடுதான் கிடைக்கும் என்பது அவர் கட்சி.

"ஞாயித்துக்கெழமதான் வூடு கட்றவன் எல்லாம் கடைக்கு வருவான்," என்றார் இவர். "அன்னிக்குப் போயி கொயந்தைங்க கூட கைதட்டிக்கினு உக்கார சொல்றியா?"

"நீங்க வரலைன்னா சோயாவை எடுத்துடுவாங்க."

"இவ்ளோதான. ஆள் அனுப்பறேன்."

அனுப்பப்பட்ட ஆள் என் தம்பி இர்ஃபான். பி.காம். முடித்துவிட்டு, வேலை வரும் வரும் என்று எங்கள் வீட்டு சோபாவில் படுத்திருந்தவன். மச்சான் சொன்னால் மலையேறுவான், அதுவும் மத்தியானம் பிரியாணி என்றால் இறங்கக்கூடச் சொல்லவேண்டாம். போய் அஸ்கர் என்று பேர் கொடுத்து அப்பாக்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு எரிச்சல்தான். ஆனால் சோயாவுக்கு அந்த இடம் போய்விடக்கூடாதே. வாயை மூடிக்கொண்டேன்.

யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இர்ஃபான் அந்த வகுப்பில் முதல் மாணவன் ஆகிவிட்டான். தரையில் குப்புறப் படுத்து சோயாவின் கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பேசுவான். அவள் "ப்பு" என்றால் இவனும் "ப்பு" என்பான், பிறகு கோவளத்து ஏலக்காரன் மாதிரி புருவத்தைத் தூக்கிக் காத்திருப்பான். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு "ப்பு" கொடுப்பாள். மற்ற அப்பாக்கள் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். சந்திரிகா மேடம், "அஸ்கர் சார் மாதிரி செய்யுங்க" என்று எல்லாரிடமும் சொன்னார்.

அந்த வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். "அப்பா எங்க?" என்று எல்லாரும் கேட்பார்கள். குழந்தை துண்டை இழுத்ததும், "இதோ அப்பா" என்று கூடமே கூவும். சோயாவுக்காக அவர்கள் மரியாதையாக "அத்தா எங்க? இதோ அத்தா" என்று மாற்றிக்கொண்டார்கள். வாராவாரம் ஒரு கூடம் நிறைய ஆட்கள் என் தம்பியைக் காட்டி என் மகளுக்கு அத்தா என்று பாடம் நடத்தினார்கள்.

இவரிடம் சொன்னேன். "அவ உங்களை யாருன்னே தெரியாம வளரப்போறா."

"கொயந்தைக்கு ரத்தம் சொல்லிடும், அத்தா யாருன்னு," என்று சொல்லிவிட்டு இவர் தூங்கப்போனார்.

ரத்தம் என்ன சொன்னது என்பது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தெரிந்தது. இவர் அபூர்வமாகச் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். இர்ஃபான் லுங்கியோடு சோபாவில். வாசலில் மணி அடித்தது. சந்திரிகா மேடம் நின்றார். எல்லா வீட்டுக்கும் ஒரு முறை சொல்லாமல் வந்து பார்ப்பாராம்.

உள்ளே வந்து இர்ஃபானைப் பார்த்து, "உக்காருங்க அஸ்கர் சார், எழுந்திருக்காதீங்க" என்றார். பிறகு கையில் சோற்றுத் தட்டோடு நின்ற இவரைப் பார்த்தார். "இவரு?"

இர்ஃபான் மின்விசிறியைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார். என் நாக்கில் ஷைத்தான் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இவன் என் தம்பி, மேடம். இர்ஃபான்."

கட்டின புருஷனை "இவன்" என்று நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. இவர் வாயைத் திறந்தார், திறந்தால் சோயாவின் இடம் போய்விடும் என்பது ஞாபகம் வந்திருக்கவேண்டும், சோற்றை வைத்து அடைத்துக்கொண்டார்.

அப்போது சோயா உள்ளறையிலிருந்து தவழ்ந்து வந்தாள். இவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து, நாற்காலிக் காலைத் தாண்டுகிற மாதிரி தாண்டி, நேராகப் போய் இர்ஃபானின் லுங்கியைப் பிடித்து எழுந்து நின்றாள். நின்று, முகத்தை அண்ணாந்து பார்த்து, "அத்தா" என்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து சொன்ன முதல் வார்த்தை. சந்திரிகா மேடம் கைதட்டினார். நான் தட்டவில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத்தான் நான் ஆரம்பித்தேன், ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மேடத்துக்கு அது புரியவில்லை. "வீட்ல இருக்கிற மாமாவும் பேசணும்," என்று சொல்லி இவரைத் தரையில் உட்காரவைத்தார். கடைக்குப் போட்டிருந்த இஸ்திரிச் சட்டையோடு இவர் சம்மணம் போட்டு, தொண்டையைக் கனைத்து, "இன்னா மா, நல்லாக்கீறியா?" என்றார். சோயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கஸ்டமர்கிட்ட பேசறா மாதிரி பேசறீங்க," என்றார் மேடம். "அவ கையில எதையாவது கொடுங்க. கொடுத்துட்டு சும்மா இருங்க."

இவர் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது, கடைக்கு வந்த சாம்பிள். அதை எடுத்துத் திருகி, "தொற" என்றார். மறுபடி திருகி, "மூடு" என்றார். கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சோயா பார்த்தாள், வந்தாள், குழாயைப் பிடுங்கி வாயில் வைத்தாள். மேடம் மகிழ்ச்சியோடு இவர் முகத்தில் துண்டைப் போட்டு, "மாமா எங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். "இதோ மாமா."

அவர் போன பிறகு இவர் நெடுநேரம் தரையை விட்டு எழவில்லை.

"அவ மொதல் வார்த்தை அத்தா. நான் எதிர்ல கீறேன். என்னைப் பாத்து சொல்லல, சித்திகா."

"அதுக்கும் ஆள் அனுப்பினீங்களே," என்றேன்.

சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான், பொய்யும் இல்லை.

மறுநாளிலிருந்து இவர் மத்தியானம் தவறாமல் சாப்பிட வந்தார். சாப்பாடு பெயருக்குத்தான். கை கழுவுவதற்கு முன்னாலேயே குழாயும் கையுமாகத் தரையில் இருப்பார். கேட் வால்வு, ஷவர் தலை என்று கடையே கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்தது. சோயா அவர் வண்டிச் சத்தத்துக்கே கை கால் உதற ஆரம்பித்தாள். வாசலுக்குத் தவழ்ந்து போய், வாய் நிறைய, அவர் உள்ளே வரும்போது கூப்பிடுவாள்.

"மாமா."

சொந்த வீட்டில், பெற்ற மகள் வாயால், மாமா. இர்ஃபான் தலையணையில் முகத்தை அழுத்திச் சிரிப்பான். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளைக்குக் கடை லீவு" என்றார்.

ஞாயிறு காலையில் மையத்தில் எல்லா அப்பாக்களும் உட்கார்ந்திருக்க, இவர் போய் நடுவில் நின்றார். சோயாவை எடுத்துவிட்டால் என்ன செய்வது?

"மேடம், நான் மாமா இல்ல. நான்தான் அஸ்கர். இவளோட அத்தா நான்தான்."

சந்திரிகா மேடம் இர்ஃபானைக் காட்டினார். "அப்ப இவரு?"

"நான் அனுப்புன ஆள்."

அப்பாக்கள் வரிசையில் யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"குழந்தைக்கு இதுல நஷ்டமில்ல," என்றார். "அவகிட்ட பேசறதுக்கு ஒரு ஆள் கூடுதலா கிடைச்சான். பேச்சும் வந்துடுச்சு. நஷ்டமெல்லாம் உங்களுக்குத்தான் சார். அவ வளர்றதை இவரு பாத்தாரு, நீங்க பாக்கல."

இவர் தலையை ஆட்டினார். கடையில் ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.

"முதல் பாடத்திலேர்ந்து வாங்க. ஒரு வகுப்பு விடக்கூடாது. சோயா இருக்கட்டும்." பிறகு இர்ஃபானைப் பார்த்து, "நீங்களும் வாங்க, உங்களை விட முடியாது" என்றார்.

இவர் மறுபடி ஒன்றிலிருந்து படித்தார். ஞாயிறு காலையில் கடைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள், மத்தியானம் திறந்ததும் வந்தார்கள். குழாய் வேண்டுமென்றால் வந்துதானே ஆகவேண்டும்? துண்டுக்குப் பின்னால் இவர் முகம் ஒளிந்தது, கூடம் "இதோ அத்தா" என்றது, சோயாவோ துண்டை இழுத்துவிட்டு "மாமா" என்றாள். ஒவ்வொரு வாரமும் "மாமா". ஒரு தரம் ஏற்றின பாடத்தை அவ்வளவு சுலபமாக அவள் இறக்கிவைப்பாளா?

மழைக்காலம் வந்தது. இர்ஃபானுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், சோயாவோடு தரையில் உட்கார்ந்தான். பழைய ஞாபகத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, "அத்தா எங்க?" என்றான்.

சோயா துண்டை இழுத்தாள்.

"இதோ அத்தா," என்றான் அவன்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த குழாயால் அவன் மூக்கில் ஒன்று வைத்தாள். பிறகு திரும்பி வாசலைக் காட்டி, "அத்தா" என்றாள். வாசலில் யாரும் இல்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

இவர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். நானும் இர்ஃபானும் ஒரே நேரத்தில் சொன்னோம். இவர் நம்பவில்லை.

"நெசமா? இன்னொரு தபா கேளு."

கேட்டோம். சோயா குழாயைத் திருகுவதில் மும்முரமாக இருந்தாள். கெஞ்சினோம். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரக்கு இல்லாதபோது இவர் கஸ்டமர்களைப் பார்க்காமல் இருப்பாரே, அப்படியே.

"வுடுங்க, கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இவர் ஈரச் சட்டையோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். அவளுடைய முறை. கடையில் போன் அடித்தபடி இருந்திருக்கும், இங்கே சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுக்கவில்லை. டீ ஆறியது.

குழாய் எங்கோ இறுகிக்கொண்டது போலிருக்கிறது. சோயா முக்கிப் பார்த்தாள், வரவில்லை. நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். குழாயை இவர் கையில் வைத்தாள்.

"அத்தா," என்றாள். "தொற."

இவர் திறந்தார்.