ஐந்நூற்று அறுபது பந்துகள்

கிளிஃபர்ட் வாண்டர்மீர் தாமே அச்சடித்துக் கொண்டுவந்திருந்த வழவழப்பான தாளைக் குழுவினர் ஐந்து பேருக்கும் தம் கையாலேயே கொடுத்தார். நான்கு டயர் கடைகளுக்கு முதலாளி என்பதால் அடியில் நான்கு விலாசங்களும் இருந்தன. ஊரின் பழைய பேஸ்பால் அணிக்கு மைதானச் சுவரில் வெண்கலப் பலகை வைக்கப்போகிறார்கள். இரண்டாம் பேஸில் நின்று பந்து தடுத்தவர்களில் ஒருவர் பெயர்தான், குழுவின் ஓட்டுப்படி, அதில் ஏறும்: இவர், அல்லது எமில் ஹ்ருஸ்கா. “புள்ளிவிவரம் பேசட்டும், நான் பேசமாட்டேன்” என்று சொல்லிவிட்டு கிளிஃபர்ட் இருபது நிமிடம் பேசினார்.

எமிலுக்குப் பிறகு அதே இடத்துக்கு வந்தவர் அவர். ஆளுக்கு நான்கு வருடம், நானூறு ஆட்டம். மட்டையில் பெரிய வித்தியாசமில்லை. தடுப்பில்தான் கிளிஃபர்டின் பிழைகள் நாற்பத்தொன்று, எமிலுடையவை தொண்ணூற்றாறு. தாளில் பின்னது சிவப்பு மையில்.

எமில் வரவில்லை. அவன் மனைவி பெர்னிஸ் கடைசி நாற்காலியில் இருந்தாள். முப்பது வருடமாக உணவகத்தில், முடிதிருத்தும் கடையில், எமில் மகளின் கல்யாண விருந்தில்கூட கிளிஃபர்ட் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “வாப்பா தொண்ணூத்தாறு” என்பார். ஊர் சிரிக்கும். எமிலும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். இருவரும் ஆடிய அந்த எட்டு வருடமும் அணியின் உடுப்புகளைத் துவைத்தவள் பெர்னிஸ். எமிலின் முட்டிக் கறை எதற்கும் போகாது. கிளிஃபர்டின் உடுப்பைத் துவைப்பதா, அப்படியே மடித்து வைப்பதா என்று யோசிக்கவேண்டியிருக்கும்.

எமிலின் பெயர் பலகையில் ஏறவேண்டும். அதற்கு முன் இந்த மனிதரின் சிரிப்பு வற்றவேண்டும். அதற்காக அவள் குறிபார்த்தது, கிளிஃபர்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜீன் டாலிவரை. அணிக்குப் பந்து எறிந்தவன். எமிலோடு இரண்டு வருடம், கிளிஃபர்டோடு இரண்டு வருடம். பெரிய அணி கூப்பிட இருந்த நேரத்தில் எறியும் கையில் வலு போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் இருபத்தாறு வருடம் கிளிஃபர்டின் கடையில் டயர் மாற்றினான். நன்றியுள்ளவன்.

பெர்னிஸ் அதே தாளின் பொடி எழுத்தைப் படித்தாள். எமில் கைவைத்த பந்துகள் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. கிளிஃபர்ட், ஆயிரத்து அறுநூற்று எண்பது.

“மிச்சம் ஐந்நூத்தி அறுபது எங்க போச்சு, கிளிஃப்?”

“எட்டாத பந்துக்கெல்லாம் பிழை போடமாட்டாங்க பெர்னிஸ். அதுதான் சட்டம்.” அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

“உங்களுக்குப் போடமாட்டாங்க. வேற யார் தலையில போடுவாங்க, ஜீன்?”

அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பாய்ந்து தொட்டு நழுவவிட்டால் தடுத்தவனின் பிழை. நின்ற இடத்திலேயே நின்று போகவிட்டால், வரும் ஓட்டமெல்லாம் எறிந்தவன் கணக்கு.

“எமில் பின்னால நின்னப்ப ஆட்டத்துக்கு ரெண்டே முக்கால் ஓட்டம் குடுத்தீங்க. இவர் வந்தப்புறம் நாலரை. கை போயிடுச்சுன்னு நீங்களும் நம்பிட்டீங்க.”

“துணி துவைச்சவங்க கணக்குச் சொல்றாங்கடா ஜீன்” என்று கிளிஃபர்ட் சிரித்தார். தனியாகச் சிரித்தார்.

ஜீன் கோட்டைக்கூட எடுக்காமல் எழுந்து வெளியே போனான். ஓட்டெடுப்பை யாரும் ஆரம்பிக்கவில்லை. பெர்னிஸ் நாற்காலியை ஜன்னல் பக்கம் வசதியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வெளியே தூறலில், இரண்டு லாரிகளுக்கு நடுவே, கிழவன் ஜீன் வலது கையை உயர்த்தி வெறுங்காற்றை எறிந்தான். எறிந்து, இடது தோளுக்குமேல், அன்று கிளிஃபர்ட் நின்ற பக்கம் திரும்பி, எதுவோ தரையோடு உருண்டு தூரத்துக்குப் போவதைப் பார்த்தான். மறுபடி எறிந்தான். மறுபடி திரும்பினான்.