மடையில் விட்ட துடைப்பம்

2016ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் நாள். முற்பகலில் மேகமூட்டம், பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை.

பிவா ஏரியின் கெண்டைகள் இத்தகைய மழைக்காகவே காத்திருந்து, கலங்கல் நீரை எதிர்த்து வாய்க்கால் வழியே நெல்வயல்களுக்குள் ஏறி முட்டையிடும். அவை எந்த வயலை, எக்காரணத்தால் தேர்ந்தெடுக்கின்றன என்பதை ஆராய நருமி என்னும் பெண்மணி ஊருக்கு வந்திருந்தார். கென்ஸாகு என்னும் உழவரின் வயலும் அதனை அடுத்த ஹெய்ஜியின் வயலும் அவருடைய பார்வையில் இருந்தன. முதல் முட்டை எதில் காணப்படுகிறதோ, அதுவே இவ்வாண்டின் ஆய்வு வயல். அது தம்முடையதே என்று கென்ஸாகு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்துவிட்டார். இனிப் பின்வாங்க வழியில்லை.

ஆகவே, விருந்தினரை வரவேற்கும் முறைப்படி, அன்று காலை முதல் பிற்பகல் வரை அவர் வரப்பின் புல்லை மழித்தார்; மடையின் பாசியை வழித்தார்; இறுதியாக நார்த் துடைப்பத்தால் மடையைக் கூட்டவும் செய்தார். வரப்பு, அப்போதுதான் முடி வெட்டிக்கொண்ட பள்ளி மாணவனின் பிடரியைப் போல் விளங்கியது. ஹெய்ஜியின் வரப்பிலோ புல் முழங்காலளவு நின்றது.

"என்ன அண்ணே, மீனு செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணுமா?" என்றார் ஹெய்ஜி.

"உன் காட்டுக்குள்ள போனா வழி தெரியாம நின்னு அழும்டா," என்றார் கென்ஸாகு.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் வீடு நோக்கி ஓடினர்.

இரவு உணவின்போது சூப்புக் கிண்ணத்தை உயர்த்திய கென்ஸாகுவின் கை பாதியில் நின்றது.

"தொடப்பத்த மடையிலயே விட்டுட்டேன்."

"கல்யாணம் ஆனதுலேந்து இதான் மொத தடவ," என்றார் மனைவி மிட்சுயோ. "ஊரக் கூட்டிச் சொல்லட்டுமா?"

"காலையில அந்த மேடம் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"இந்த வீட்லயும் மனுசங்கதான் இருக்காங்கன்னு நெனைப்பாங்க. சூப்பு ஆறுது, குடிங்க."

மறுநாள் விடியலில், தேநீரும் அருந்தாமல், அவர் வயலுக்கு விரைந்தார். நருமியோ அவருக்கு முன்பே வந்து, துடைப்பத்தின் எதிரில் மண்டியிட்டிருந்தார். அருகில் முகம் கழுவாத ஹெய்ஜி.

"மன்னிக்கணும் மேடம். அசிங்கமா கெடக்கு, எடுத்துடறேன்."

"அய்யோ, தொடாதீங்க."

நீரில் மூழ்கியிருந்த நார்கள் ஒவ்வொன்றிலும் தேன்நிற மணிகள் செறிந்து ஒட்டியிருந்தன.

"ராத்திரி மீன் ஏறி வந்திருக்கு," என்றார் நருமி. "முட்டை ஒட்டறதுக்குப் புல்லு வேணும். நீங்கதான் வழுவழுன்னு செரைச்சு வெச்சிருக்கீங்களே. வேற கதியில்லாம எல்லாம் இதுல ஒட்டியிருக்கு."

"அப்ப ஹெய்ஜி வயல்ல?"

"அவர்கிட்ட புல்லு இருக்கு. மடையத்தான் தொறக்க மறந்துட்டார்."

ஹெய்ஜி தலையைச் சொறிந்துகொண்டார்.

"இதுதான் ஆய்வு வயல்," என்றார் நருமி. "ஆனா சீசன் முடியற வரைக்கும் வரப்புல ஒரு புல்லக்கூட வெட்டக் கூடாது. கூட்டவும் கூடாது."

"கவலப்படாதீங்க அண்ணே," என்றார் ஹெய்ஜி. "புல்லு வளக்கறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன்."

வென்றவருக்குரிய கம்பீரத்துடன் கென்ஸாகு தலைவணங்கினார். அவ்வேளையில் மடையில் ஒரு சருகு மிதந்து வந்தது. அதை எடுக்க நீண்ட தம் வலக்கையை இடக்கையால் பற்றி, முதுகுக்குப் பின்னே நிறுத்திக்கொண்டார். அப்போது மணி காலை ஆறு நாற்பத்திரண்டு.