தரைக்கு ஒரு தரை

திருத்தணியில் எல்லாரும் மண்ணிலும் கல்லிலும் நடந்தார்கள். மரத்தின் மேல் நடந்தவர் பங்காரு ஒருவர்தான். ரங்கூனில் இருபது வருஷம் கடை வைத்திருந்த மனிதர், கப்பலில் தேக்குப் பலகை கொண்டுவந்து, மலைக்குப் போகும் வழியில் வீடு கட்டி, மாடிக் கூடம் முழுக்கத் தரையாகப் பாவினார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துக்கொண்டதும், அங்கே ஆள் வைத்து நடத்திவந்த கடை போயிற்று. பலகைதான் மிச்சம்.

அந்தத் தரையைப் பார்த்துக்கொள்பவள் கோவிந்தம்மாள். நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவளை ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டு வேலைக்கு வைத்து, அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்திருந்தார். அவளுக்கு மரத்தரை ஓயாத அதிசயம். காலையில் சும்மா கிடப்பது மத்தியானம் ஏன் முனகுகிறது? தேய்த்த எண்ணெயெல்லாம் எங்கே போகிறது? யாருமில்லாதபோது பலகையில் காதை வைத்துக் கேட்பாள். பதில் கிடைத்ததில்லை. அவளும் விட்டதில்லை.

அந்தச் சித்திரையில், பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று புரளி. பாதிப் பட்டணம் ரயிலேறிவிட்டது. பங்காருவின் மகள் ரஞ்சிதமும் மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். அவளுடைய மிச்சச் சாமான்களைக் கொண்டுவரப் புறப்பட்ட பங்காரு, வாசலில் நின்று கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார்.

"பசங்க ஆடிகினு இருக்கும். தரையில ஒரு கீறல் வுழக்கூடாது. வுழுந்துதுன்னா நீ மூட்டைய கட்டிக்க."

"ஆங், சரிங்க."

சொல்லிவிட்டாள். அறையை விட்டுவிட்டுப் புருஷனோடு எங்கே போவாள்? பட்டணத்து ஜனம் ஊரில் மாட்டுக்கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிள்ளைகளா அவர்கள்! முக்காலியைக் கவிழ்த்து ரயிலாக்கினார்கள். இழுப்பதற்குள் பாய்ந்து தூக்கினாள். அதன் கால்களுக்கு அம்மையார்குப்பத்துத் தறியில் நெய்த துண்டுத் துணியைச் சுற்றினாள். அவிழ்த்துப் பந்து செய்தார்கள். கோணி விரித்தாள், அதில் உட்கார்ந்து சறுக்கினார்கள். மூத்தவன் சுப்பிரமணி பம்பரத்தோடு கட்டிலுக்கடியில் போனபோது அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் பிடுங்குவது?

அன்று சாயங்காலம் தன் அறையை மெழுகும்போதுதான் கை நின்றது. இந்த மண்தரையை ஆறு வருஷமாக எத்தனை கால் மிதித்தது! மண்ணுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. தேய்ந்ததெல்லாம் சாணம். பழசு போனால் புதுசு பூசினாள், அவ்வளவுதான். மரம் மட்டும் என்ன பாவம் செய்தது, அம்மணமாகக் கிடக்க?

ஆனால் ஒட்டுமா? அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராதுபோல் இருந்தது. மறுநாள் ரஞ்சிதம் பிள்ளைகளோடு சாமி கும்பிட மலைக்குப் போன நேரம், தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்த சாணத்தை மாடிக்கு ஏற்றினாள். மூலையில் ஒரு சாண் பூசி, விசிறிக் காயவைத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கெட்டியாகப் பிடித்திருந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கூடம் முழுக்க இரண்டு பூச்சு. ஓரத்தில் கோலம் வேறு.

திரும்பி வந்த ரஞ்சிதம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். "நைனா வந்தா உன்ன இன்னா பண்ணுவாரோ!"

"கீறல் வுழக்கூடாதுன்னுதானேம்மா சொன்னாரு?"

ரஞ்சிதம் பிள்ளைகளை உள்ளே விட்டாள். பிள்ளைகள் எட்டு நாள் குதித்துத் தீர்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் பங்காரு வந்தார். வண்டிக்காரர் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்து மாடி நிலைப்படியின் மேல் வைத்துவிட்டுப் போனார். பங்காரு தரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னாடி இது?"

"பூச்சுங்க. பசங்க காலு மரத்துல படவேயில்ல. இதும்மேலதான் பட்டுது."

"பர்மா தேக்குல சாணியா! இனிமே நடந்தே ரங்கூனுக்குப் போனாலும் இதுல ஒரு பலக கெடைக்குமா? கழுவு! கழுவிட்டுக் கெளம்பு!"

அவர் குரல் உடைந்தது. கோபத்தைவிட அதுதான் அவளை உலுக்கியது. தேங்காய் நாரும் ஈரத்துணியுமாக உட்கார்ந்து தேய்த்தாள். கண்ணீர் வந்தது. ஆனாலும், அடியில் மரம் எப்படி இருக்கிறதோ என்ற ஆவல் அந்த அழுகையிலும் அடங்கவில்லை.

பலகை பலகையாகத் தேக்கு வெளியே வந்தது. இரண்டு இடத்தில் விளிம்பு சற்று உப்பியிருந்தது. பங்காரு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "காஞ்சா அடங்கிடும்," என்று முனகினார். பிறகு அவரும் மண்டியிட்டுக் கூடம் முழுக்கத் தடவிக்கொண்டே போனார். கட்டிலுக்கடியிலும் நுழைந்து வந்தார். ஒரு கீறல் இல்லை.

அவரால் நம்ப முடியவில்லை. "கண்ணாடி போட்டுப் பாத்துடறேன். பெட்டியில கீது," என்று எழுந்தார். நிலைப்படியில் இருந்த டிரங்குப் பெட்டியின் காதைப் பிடித்து, ஒரே இழுப்பாக உள்ளே இழுத்தார்.

கர்ர்ர்.

தேக்கில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாகக் கோடு விழுந்தது.

சுப்பிரமணி வாயைப் பொத்திக்கொண்டான். பங்காரு கோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கோவிந்தம்மாளை மட்டும் பார்க்கவில்லை.

தரையைப் பார்த்தபடியே கேட்டார். "சாணி மிச்சம் கீதா?"

கோவிந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் ஒரு காதைப் பிடித்தாள்.

"கீதுங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க. தூக்கணும், இழுக்கக்கூடாது."